சிறுபான்மை வாக்கு, பெரும்பான்மை ஆட்சி: தேர்தல் முறையும் தீவிர வலதுசாரிகளின் அதிகாரப் பாதையும்

(கோலார் தங்கவயலில் கட்சி உறுப்பினர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

2008 மே மாதம் கர்நாடகச் சட்டமன்றத் தேர்தல் முடிவுகள் வெளியானபோது இரண்டு செய்திகள் ஒன்றாக வந்து சேர்ந்தன. முந்தைய ஆண்டில் ஏழு நாள் மட்டுமே முதலமைச்சர் நாற்காலியில் அமர முடிந்த எடியூரப்பாவின் தலைமையில், தென்னிந்தியாவின் முதல் பாரதிய ஜனதா கட்சி ஆட்சி நிலைபெறப் போகிறது என்பது ஒரு செய்தி. கோலார் தங்கவயல் தொகுதியிலும் அக்கட்சியின் வேட்பாளரே வெற்றி பெற்றார் என்பது மற்றொரு செய்தி.

இரண்டாவது செய்தி இந்த ஊரின் உழைக்கும் மக்களை அதிர வைத்தது. கைரேகைப் பதிவுக்கு எதிராக 1930இல் 21 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. 1946 நவம்பர் 4 அன்று போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 6 தொழிலாளர்களைப் பலிகொடுத்த ஊர் இது. கம்யூனிஸ்ட்டுகளையும் அம்பேத்கரியர்களையும் மாறி மாறிச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய ஊர் இது. இத்தகைய ஊரின் மக்கள் ஒரே நாளில் வகுப்புவாதிகளாக மாறிவிட்டார்களா?

இல்லை. வாக்களித்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பாஜகவுக்கு எதிராகவே வாக்களித்திருந்தனர். அந்த வாக்குகள் காங்கிரஸ், குடியரசுக் கட்சி, அதிமுக, மதச்சார்பற்ற ஜனதா தளம், இடதுசாரிகள் எனப் பல திசைகளில் சிதறிக் கிடந்தன. போதாக்குறைக்கு, அவ்வாண்டின் தொகுதி மறுவரையறையில் பேத்தமங்கலம் தொகுதி நீக்கப்பட்டு அதன் கிராமப் பகுதிகள் தங்கவயலோடு சேர்க்கப்பட்டிருந்தன. சுரங்கத் தொழிலாளர்களின் ஊராக இருந்த தொகுதியின் உள்ளடக்கமே மாறியிருந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டதோடு தொழிற்சங்கத்தின் அடித்தளமும் கரைந்திருந்தது. மக்கள் மாறியதைவிட, மக்களின் வாக்கை இடமாக மாற்றும் கணக்கே அதிகமாக மாறியிருந்தது.

அந்தக் கணக்கைப் பற்றியதே இந்த உரை. தீவிர வலதுசாரிக் கட்சிகள் அதிகாரத்தைப் பிடிப்பதில் தேர்தல் முறை என்ன பங்கு வகிக்கிறது? எந்த முறை அவற்றுக்குக் கதவைத் திறக்கிறது, எந்த முறை தடுக்கிறது? முறையை மாற்றினால் மட்டும் ஆபத்து நீங்கிவிடுமா?

கர்நாடகத்தின் கணக்கு

2008 தேர்தலில் காங்கிரஸ் பெற்ற வாக்கு 34.76 சதவீதம். பாஜக பெற்றதோ 33.86 சதவீதம். அதாவது மாநிலத்தில் அதிக வாக்குப் பெற்ற கட்சி காங்கிரஸ். ஆனால் காங்கிரசுக்குக் கிடைத்த இடங்கள் 80, பாஜகவுக்குக் கிடைத்தவை 110. குறைவான வாக்குப் பெற்ற கட்சி 30 இடங்கள் கூடுதலாகப் பெற்று ஆட்சியமைத்தது. தென்னிந்தியாவில் காவி ஆட்சியின் வாசலைத் திறந்தது மக்களின் பெரும்பான்மைத் தீர்ப்பு அன்று.

2018இலும் இதுவே நிகழ்ந்தது. காங்கிரஸ் 38 சதவீதத்துக்குச் சற்று அதிகமாகவும், பாஜக 36 சதவீதத்துக்குச் சற்று அதிகமாகவும் பெற்றன. ஆனால் 104 இடங்களுடன் தனிப்பெரும் கட்சியானது பாஜக. அப்போது காங்கிரசும் மதச்சார்பற்ற ஜனதா தளமும் சேர்ந்து அமைத்த அரசு பதினான்கு மாதங்களில் கவிழ்க்கப்பட்டது. 17 சட்டமன்ற உறுப்பினர்கள் அணி மாறியதன் மூலம், வாக்குப் பெட்டியில் கிடைக்காத பெரும்பான்மை 2019 ஜூலையில் உருவாக்கப்பட்டது.

2023இல் காங்கிரஸ் 135 இடங்களில் வென்றது. பாஜக 66 இடங்களுக்குச் சரிந்தது. நாடெங்கும் முற்போக்காளர்கள் மகிழ்ந்தனர், மகிழ்ந்ததில் தவறில்லை. ஆனால் அந்தத் தேர்தலில் பாஜக பெற்ற வாக்கு 36 சதவீதம். முந்தைய தேர்தலில் 104 இடங்களைத் தந்த வாக்கும் ஏறத்தாழ அதே அளவுதான். மூன்றாம் இடத்தில் இருந்த மதச்சார்பற்ற ஜனதா தளத்தின் வாக்கு சரிந்து காங்கிரசின் பக்கம் சென்றதால் இடங்கள் மாறின. பாஜகவின் சமூக அடித்தளம் அசையவில்லை. மறு ஆண்டே, 2024 மக்களவைத் தேர்தலில் அதே மதச்சார்பற்ற ஜனதா தளம் பாஜகவோடு கைகோத்தது. மாநிலத்தின் 28 இடங்களில் 19ஐ அந்தக் கூட்டணி வென்றது. கோலார் தொகுதியும் அதில் ஒன்று.

இடங்கள் குறைந்ததை வைத்து வகுப்புவாதம் தோற்றுவிட்டது என்று முடிவு செய்பவர்கள் ஏமாறுவார்கள். தேர்தல் முறை வெற்றியைப் பெரிதாக்கிக் காட்டுவது போலவே தோல்வியையும் பெரிதாக்கிக் காட்டும்.

தடுப்பணையும் மதகும்

ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர், மற்றவர்களைவிட ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவர் வென்றவர் என்பதே இந்தியாவில் நடைமுறையில் உள்ள முறை. பிரிட்டனிடமிருந்து வந்தது. இந்த முறை தீவிரவாதக் கட்சிகளைத் தடுக்கும், நடுநிலைக் கட்சிகளை வளர்க்கும் என்பது இதன் ஆதரவாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் வாதம்.

அதில் பாதி உண்மை உண்டு. 1984இல் பாஜக 7.74 சதவீத வாக்குப் பெற்றது. கிடைத்தவை 2 இடங்கள். அதுவரை தேர்தல் முறை அக்கட்சிக்குத் தடுப்பணையாக இருந்தது. 1989இல் வாக்கு 11.36 சதவீதமானது. நான்கு சதவீதத்துக்கும் குறைவான உயர்வு. இடங்களோ 2இலிருந்து 85ஆக உயர்ந்தன. ஜனதா தளத்துடனான தொகுதி உடன்பாடும், வட இந்தியாவின் குறிப்பிட்ட பகுதிகளில் வாக்குகள் குவிந்திருந்ததும் இதற்குக் காரணங்கள். 1991இல் வாக்கு 20 சதவீதத்தை எட்டியபோது இடங்கள் 120.

இந்த முறை ஓர் எல்லை வரை அணையாக நிற்கிறது. அந்த எல்லையைத் தாண்டியதும் மதகாகத் திறந்துவிடுகிறது. 2014இல் 31 சதவீத வாக்குக்கு 282 இடங்கள். வாக்களித்தவர்களில் ஏறத்தாழ பத்துக்கு ஏழு பேர் வேறு கட்சிகளுக்கு வாக்களித்திருந்தும், மூன்று பேரின் வாக்கில் தனிப்பெரும்பான்மை கிடைத்தது. 2019இல் 37 சதவீதத்துக்கு 303 இடங்கள். அந்தப் பலத்தைக் கொண்டுதான் 370ஆவது பிரிவு செயலிழக்கச் செய்யப்பட்டது, குடியுரிமைத் திருத்தச் சட்டம் நிறைவேற்றப்பட்டது, தொழிலாளர் சட்டங்கள் நான்கு தொகுப்புகளாகச் சுருக்கப்பட்டன. 2024இல் வாக்கு 36.56 சதவீதம், குறைந்தது ஒரு சதவீதத்துக்கும் கீழே. இடங்களோ 240ஆகச் சரிந்தன. எதிர்க்கட்சிகள் பல மாநிலங்களில் ஒன்றுபட்டு நின்றதே அந்த வேறுபாட்டின் முக்கியக் காரணம்.

மறுபுறம், பரவலாக வாழும் ஒடுக்கப்பட்ட மக்களின் கட்சிகளை இந்த முறை துடைத்தெறிகிறது. 2014இல் பகுஜன் சமாஜ் கட்சி வாக்கு எண்ணிக்கையில் நாட்டிலேயே மூன்றாவது பெரிய கட்சி. 4 சதவீதத்துக்கு மேல் வாக்குப் பெற்றது. மக்களவையில் அதற்கு ஓர் இடமும் இல்லை. இரண்டு கோடிக்கும் அதிகமானோர் அளித்த வாக்கு நாடாளுமன்றத்தின் வாசலிலேயே நின்றுவிட்டது.

திரிபுராவின் அனுபவம் இடதுசாரிகளுக்கு நேரடியானது. 2018இல் அங்கு பாஜக 43.59 சதவீதமும் மார்க்சிஸ்ட் கட்சி 42.22 சதவீதமும் பெற்றன. வேறுபாடு ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவு. இடங்கள் 36க்கு 16. கால் நூற்றாண்டு ஆட்சி வீழ்ந்தது என்று ஊடகங்கள் முழங்கின. அன்று வீழ்ந்த அளவுக்கு வாக்குகள் வீழவில்லை. ஆனால் தேர்தலுக்குப் பின் தொடங்கிய வன்முறை, வாக்குச் சதவீதத்தைக் கணக்கிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அதிகாரம் யார் கையில் என்பதே அதற்குப் போதுமானதாக இருந்தது.

விகிதாச்சார முறை மருந்தாகுமா?

அப்படியானால் பெற்ற வாக்குக்கு ஏற்ப இடங்களைப் பகிரும் விகிதாச்சாரப் பிரதிநிதித்துவம் வந்தால் ஆபத்து நீங்கிவிடுமா? இங்கே உடனடியாக ஒரு கேள்வி எழுப்பப்படும்: ஹிட்லர் விகிதாச்சார முறையில்தானே வந்தான்?

ஜெர்மனியின் வரலாற்றைச் சரியாகப் படிக்க வேண்டும். 1928இல் நாஜிக் கட்சி பெற்ற வாக்கு 2.6 சதவீதம். பொருளாதாரப் பெருமந்தமும் வேலையின்மையும் நாட்டைச் சூறையாடிய பின், 1932 ஜூலையில் அது 37.3 சதவீதமாக உயர்ந்தது. அதே ஆண்டு நவம்பர் தேர்தலில் 33.1 சதவீதமாகக் குறைந்தது. அந்த நவம்பரில் சமூக ஜனநாயகக் கட்சி 20.4 சதவீதமும் கம்யூனிஸ்ட் கட்சி 16.9 சதவீதமும் பெற்றன. இரண்டின் இடங்களைக் கூட்டினால் 221. நாஜிகளின் இடங்கள் 196. உழைக்கும் வர்க்கத்தின் இரு கட்சிகள் சேர்ந்தால் நாஜிகளைவிடப் பெரிய அணி. ஆனால் அவை சேரவில்லை. ஒன்றையொன்று முதன்மை எதிரியாகக் கருதின.

சுதந்திரமான தேர்தலில் ஹிட்லர் ஒருபோதும் பெரும்பான்மை பெறவில்லை. 1933 ஜனவரி 30 அன்று அவனைப் பிரதமராக நியமித்தவர் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க். அதற்கு வழி வகுத்தவர்கள் பாப்பன் போன்ற பழமைவாத அரசியல்வாதிகளும், நிலப்பிரபுக்களும், பெருமுதலாளிகளின் ஒரு பகுதியினரும் ஆவர். அதிகாரமும் போலீசும் கைக்கு வந்த பின், கம்யூனிஸ்ட்டுகள் சிறையில் அடைக்கப்பட்ட நிலையில் நடந்த 1933 மார்ச் தேர்தலில்கூட நாஜிகள் 43.9 சதவீதத்தையே எட்ட முடிந்தது. அன்றைய ஜெர்மனியில் ‘ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவர் வென்றவர்’ முறை இருந்திருந்தால், 1932 ஜூலையிலேயே 37 சதவீத வாக்கு அவர்களுக்குத் தனிப்பெரும்பான்மையைக் கொடுத்திருக்கக்கூடும். விகிதாச்சார முறை நாஜிகளுக்கு நாடாளுமன்ற மேடையை எளிதாகத் தந்தது என்பது உண்மை. அதிகாரத்தைத் தந்தது ஆளும் வர்க்கம்.

இன்றைய ஜெர்மனியும் இதைத்தான் காட்டுகிறது. 2025 பிப்ரவரித் தேர்தலில் தீவிர வலதுசாரி ‘ஜெர்மனிக்கான மாற்று’ கட்சி 20.8 சதவீத வாக்குப் பெற்று இரண்டாவது பெரிய கட்சியானது. கிழக்கு மாநிலங்களின் நேரடித் தொகுதிகளில் ஏறத்தாழ அனைத்திலும் முதலிடம் பெற்றது. நேரடித் தொகுதிகள் மட்டுமே இருந்திருந்தால் அந்த மாநிலங்கள் முழுவதும் ஒரே கட்சியின் கையில் இருக்கும். விகிதாச்சாரப் பட்டியல் இருந்ததால் அங்கு வாழும் இடதுசாரிகளின் வாக்குக்கும் குரல் கிடைத்தது. அக்கட்சி ஆட்சிக்கு வெளியே நிறுத்தப்பட்டுள்ளது. ஆனால் அதை அங்கே நிறுத்தியிருப்பது மற்ற கட்சிகளின் உறுதி. அந்த உறுதி தளர்ந்தால் எந்தச் சட்ட விதியும் காப்பாற்றாது.

பிரான்சில் இரண்டு சுற்று முறை உள்ளது. 1986இல் ஒருமுறை மட்டும் விகிதாச்சார முறை கொண்டுவரப்பட்டபோது லெ பென்னின் தேசிய முன்னணி 35 இடங்களைப் பெற்றது. 1988இல் பழைய முறை திரும்பியதும், ஏறத்தாழ அதே அளவு வாக்குக்கு ஓர் இடமே கிடைத்தது. 2024இல் முதல் சுற்றில் மூன்றில் ஒரு பங்கு வாக்குடன் அக்கட்சியின் வாரிசு முன்னிலை பெற்றது. ஆனால் இரண்டாம் சுற்றுக்கு முன் இடதுசாரிகளின் புதிய மக்கள் முன்னணியும் மற்றவர்களும் இருநூறுக்கும் மேற்பட்ட தொகுதிகளில் வேட்பாளர்களை விலக்கிக்கொண்டனர். முடிவில் தீவிர வலதுசாரிகள் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டனர். இரண்டாம் சுற்று ஒன்றுபடுவதற்கு ஒரு வாரம் அவகாசம் தருகிறது. இந்தியாவின் முறையில் அந்த அவகாசம் இல்லை. ஒன்றுபடுவதென்றால் வேட்புமனு திரும்பப் பெறும் நாளுக்குள் ஒன்றுபட வேண்டும்.

பாக் நீரிணைக்கு அப்பால்

தமிழ் பேசும் மக்களுக்கு இன்னும் நெருக்கமான பாடம் இலங்கையில் உள்ளது. 1977 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 51 சதவீத அளவுக்கு வாக்குப் பெற்றது. 168 இடங்களில் 140 அதற்குக் கிடைத்தன. ஆறில் ஐந்து பங்கு. அந்தப் பலத்தைக் கொண்டு ஜே.ஆர். ஜெயவர்த்தன 1978இல் புதிய அரசியல் சாசனத்தை இயற்றி, எல்லா அதிகாரத்தையும் ஜனாதிபதியிடம் குவித்தார். 1982 டிசம்பரில் பொதுத் தேர்தலையே தவிர்த்து, பொதுவாக்கெடுப்பு ஒன்றின் மூலம் அதே நாடாளுமன்றத்தின் ஆயுளை நீட்டித்தார். 1983 ஜூலையில் தமிழர்கள் கொளுத்தப்பட்டபோது ஆட்சியில் இருந்தது அந்த நாடாளுமன்றமே. பாதி நாட்டின் வாக்கு, கேள்வி கேட்க ஆளில்லாத அரசாக மாறியதன் விலை அது.

அதே 1978 சாசனம் விகிதாச்சார முறையையும் கொண்டுவந்தது. அதன் கீழ் 2004இல் பௌத்த பிக்குகளை நிறுத்திய ஜாதிக ஹெல உறுமய 6 சதவீத அளவு வாக்குக்கு 9 இடங்கள் பெற்றது. பெரும்பான்மை இல்லாத அரசுகளுக்கு அந்த ஒன்பது தேவைப்பட்டன. சிறிய கட்சியின் இனவாதக் குரல் அதன் அளவுக்கு மீறி ஒலித்தது. ஆகவே விகிதாச்சார முறைக்கும் ஆபத்து உண்டு. தொகுதி முறையில் தீவிரவாதம் பெரிய கட்சியைக் கைப்பற்றி ஒரே பாய்ச்சலில் அதிகாரத்துக்கு வருகிறது. விகிதாச்சார முறையில் சிறிய கட்சியாக உள்ளே நுழைந்து பேரம் பேசுகிறது. இரண்டாவதைத் தடுக்கப் பிற கட்சிகளால் முடியும். முதலாவது வந்துவிட்டால், தடுப்பதற்கான கருவிகளே அதன் கைக்குப் போய்விடுகின்றன.

சொந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதே தொகுதி முறை இடதுசாரிகளுக்கும் ஆட்சிகளைத் தந்திருக்கிறது. 1957இல் கேரளத்தில் கம்யூனிஸ்ட் கட்சி 35 சதவீத அளவு வாக்கில் 126இல் 60 இடங்களை வென்றே இ.எம்.எஸ். தலைமையில் அரசமைத்தது. 1977இல் மேற்கு வங்கத்தில் மார்க்சிஸ்ட் கட்சி 35 சதவீத அளவு வாக்குக்கு 178 இடங்களைப் பெற்றது. தோற்றால் முறை தவறு, வென்றால் முறை சரி என்று பேசுவது மார்க்சியம் ஆகாது.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அந்த ஆட்சிகள் நிலச்சீர்திருத்தத்துக்கும் உள்ளாட்சி உரிமைக்கும் அதிகாரத்தைப் பயன்படுத்தின. தனக்கும் ஒரு காலத்தில் பயன் தந்த முறையை மாற்ற வேண்டும் என்று இடதுசாரிகள் பல பத்தாண்டுகளாகக் கோரி வருவதே அந்தக் கோரிக்கையின் நேர்மைக்குச் சான்று.

சிவப்பும் நீலமும் ஒன்றாக வென்ற ஊர்

இனி தங்கவயலுக்குத் திரும்பலாம். 1952 முதல் பொதுத் தேர்தலில் தங்கவயல் இரட்டை உறுப்பினர் தொகுதியாக இருந்தது. ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்குகள். ஓர் இடம் பட்டியல் சாதியினருக்கானது, மற்றொன்று பொது. அந்தத் தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சியின் கே.எஸ். வாசனும், அம்பேத்கரின் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் வேட்பாளரும் ஒருசேர வென்றனர். 1957இலும் கம்யூனிஸ்ட் எம்.சி. நரசிம்மனோடு கூட்டமைப்பின் வேட்பாளர் சட்டமன்றம் சென்றார்.

அந்தச் சுரங்கத் தொழிலாளி யார்? வடஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்து, லயன் வீடுகளில் வாழ்ந்து, பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கிய தலித் தொழிலாளி. அவருடைய வர்க்கமும் சாதியும் இரண்டு தனி மனிதர்கள் அல்ல. சங்கக் கொடியின் சிவப்பும், அம்பேத்கர் படத்தின் நீலமும் ஒரே வீட்டுச் சுவரில் இருந்தன. இரண்டு வாக்கு இருந்தபோது அவர் இரண்டையும் தேர்ந்தெடுக்க முடிந்தது. 1961இல் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் சட்டத்தால் ஒழிக்கப்பட்டன. அதன் பிறகு ஒரே வாக்கு, ஒரே இடம். சிவப்புக்கா நீலத்துக்கா என்று தேர்ந்தெடுக்கும் கட்டாயம் வந்தது. அடுத்த பத்தாண்டுகளில் குடியரசுக் கட்சி, அதிமுக, 1985இல் மார்க்சிஸ்ட் கட்சி என வெற்றி மாறி மாறிச் சென்றது. ஒருவரை ஒருவர் தோற்கடிப்பதில் காலம் கழிந்தது. 2008லும் 2013லும் இருவரையும் பாஜக தோற்கடித்தது.

முறை மாறியதால் மட்டும் இது நிகழ்ந்தது என்று சொல்ல முடியாது. சுரங்கம் மூடப்பட்டதும், இளைஞர்கள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலை தேடிச் செல்லத் தொடங்கியதும் பெரிய காரணங்கள். பணிமுறையும் சங்கமும் ஒன்றாக வைத்திருந்த மக்களை ரயில் தினமும் நூறு பணியிடங்களுக்குப் பிரித்துச் செல்கிறது. ஆனால் பிரிந்து கிடந்தவர்களை மேலும் பிரித்தது தேர்தல் முறை.

கோரிக்கையும் கடமையும்

இதிலிருந்து இரண்டு வகைப் பணிகள் எழுகின்றன.

முதலாவது, நீண்டகாலக் கோரிக்கை. பகுதிப் பட்டியலுடன் கூடிய விகிதாச்சாரப் பிரதிநிதித்துவம் வேண்டும். தொகுதி உறுப்பினரும் இருப்பார். கட்சிகள் பெற்ற வாக்குக்கு ஏற்பப் பட்டியலிலிருந்தும் உறுப்பினர்கள் வருவார்கள். சட்ட ஆணையமே 1999இல் தனது 170ஆவது அறிக்கையில் கலப்பு முறை ஒன்றைப் பரிந்துரைத்தது. இதோடு பண பலத்தைக் கட்டுப்படுத்துவதும் சேர வேண்டும். தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்த பின் வெளியான விவரங்கள், அந்தப் பணத்தின் மிகப்பெரும் பங்கு பாஜகவுக்கே சென்றதை நாட்டுக்குக் காட்டின. ‘ஒரே நாடு ஒரே தேர்தல்’ என்ற பெயரில் 2024 டிசம்பரில் மக்களவையில் கொண்டுவரப்பட்ட 129ஆவது அரசியல் சாசனத் திருத்த மசோதா எதிர்க்கப்பட வேண்டும். ஒரே அலையில் ஒன்றியத்தையும் மாநிலங்களையும் சேர்த்து அள்ளிக்கொள்ள வழி செய்யும் மசோதா அது.

இரண்டாவது, உடனடிக் கடமை. முறை மாறும்வரை காத்திருக்க வகுப்புவாதம் அவகாசம் தராது. நடைமுறையில் உள்ள முறைக்குள் மதச்சார்பற்ற வாக்குகள் சிதறாமல் காப்பது முதல் தேவை. ஆனால் தொகுதிப் பங்கீடு மட்டும் ஒற்றுமை ஆகாது. 36 சதவீத வாக்கு அசையாமல் நிற்கிறது என்றால், அந்த 36 சதவீதத்துக்குள் தொழிலாளிகளும் விவசாயிகளும் தலித்துகளும் இருக்கிறார்கள் என்றே பொருள். கூட்டணி அவர்களை வெளியே கொண்டுவராது. வீட்டு மனைப் பட்டா, நிலுவைத் தொகை, குடிநீர், சயனைடு மேடுகளின் தூசு, ஒப்பந்தத் தொழிலாளரின் கூலி ஆகியவற்றுக்கான போராட்டமே கொண்டுவரும். தேர்தலுக்கு மூன்று மாதம் முன்பு தொடங்கும் ஒற்றுமை மேடையில் நிற்கும். மூன்று ஆண்டு முன்பு லயன்களில் தொடங்கும் ஒற்றுமை வாக்குச்சாவடியில் நிற்கும்.

தோழர்களே, தேர்தல் முறை என்பது சுரங்கத்தின் மரத்தூண்களைப் போன்றது. தூண் சரியாக இருந்தால் பாறை சரிவது தாமதமாகும். தூண் கோணலாக இருந்தால் விரைவில் சரியும். ஆனால் தூணை நம்பி மட்டும் யாரும் உள்ளே இறங்கியதில்லை. பாறையின் ஓசையைக் கேட்டு, பக்கத்தில் நிற்பவரை எச்சரித்து, ஒருவரை ஒருவர் இழுத்து வெளியே கொண்டுவந்தவர்களாலேயே இந்த ஊர் பிழைத்தது. 1946இல் வீழ்ந்த அந்த ஆறு பேர் எந்தக் கட்சிக்கு வாக்களிப்பது என்ற கேள்வியில் பிரிந்து நிற்கவில்லை. கூலிக்கும் உரிமைக்கும் ஒன்றாக நின்றார்கள். சிவப்பும் நீலமும் அவர்கள் நின்ற இடத்தில் மீண்டும் சேர்ந்து நிற்குமானால், எந்தக் கணக்கும் 36ஐ 100 ஆக்க முடியாது.